நெரியோ வீட்டு விளக்கு

இருட்டுவதற்குள் எர்மிலோ படகை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். மரக்காய்போ ஏரித் தண்ணீரில் மரக்கால் ஊன்றி வீடுகள் நிற்கிற ஊர். எதிர்வீட்டுக்குப் போகவும் துடுப்புதான். அந்த வீட்டு நெரியோ பிள்ளைகுட்டிகளோடு கிளம்பிப் போய் மாதக்கணக்காகிவிட்டது. சும்மாவா போனான்? கூரைத் தகரத்தையும் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். ஊரே அப்படித்தான் காலியானது.

மொட்டையாக நின்ற அந்த வீட்டு ஜன்னலில் எர்மிலோ வழக்கம்போல ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பினார்.

சிலி நாட்டுக்குப் போன மகள் யோர்லெனி கிளம்பும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: “நெரியோ மாமா இருக்கிற வரைக்கும் நீங்க அங்க இருங்க. அவரும் கிளம்பிட்டாருன்னா, மறுபேச்சு கிடையாது, என்கூட வந்துடணும்.” மகள் வீட்டு மூலையில் மூட்டை மாதிரி கிடப்பதா? எர்மிலோவா? நடக்கிற காரியமா அது!

ராத்திரிதோறும் மின்னுகிற கட்டாடும்போ ஆற்றுப் பக்கம் மின்ன ஆரம்பித்தது. முன்பெல்லாம் மின்னலைப் படமெடுக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் இவர் வீட்டில்தான் தங்குவார்கள். “யாரும் நடக்காதீங்க, பலகை ஆடுது!” என்று கத்துவார்கள். இங்கே ஓடியாட வரும் நெரியோவின் பேரப்பிள்ளைகள் கேட்டால்தானே! அந்த வெளிநாட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்டபடி, போனை மீன்பெட்டிமேல் அசையாமல் நிறுத்தி, மின்னலோடு எதிர்வீட்டு விளக்கும் விழும்படி படம் எடுத்தார். பலகையில் நடக்க இப்போது ஆள் ஏது? படம் கண்ணாடி மாதிரி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல படத்துக்குப் போய் அழுவாயா, கிழவா, என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் கரையில் நண்டை விற்றுவிட்டு, சிக்னல் கிடைத்ததும் படத்தை மகளுக்கு அனுப்பினார். உடனே கூப்பிட்டாள்.

“என்னா படம்ப்பா! துளிகூட ஆடலையே. மாமா வீட்டு வாலுப் புள்ளைங்கல்லாம் தூங்கிடுச்சுங்களா?”

“நேத்து சீக்கிரமே தூங்கிடுச்சுங்க.”

“மாமா எப்படி இருக்காரு?”

“அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான். டோமினோல இன்னும் கள்ளாட்டம்தான்.”

யோர்லெனி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்பா, மாமா வீட்டுக் கூரையக் காணோமே?”

அவர் அதைக் கவனிக்கவே இல்லை; இதுவரை அனுப்பிய படங்களில் இருட்டில் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. விளக்கு மறைத்ததை மின்னல் போட்டுக் கொடுத்துவிட்டது. வெறும் சட்டங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது.

“அது... புதுத் தகரம் மாத்துறான்.”

“மழைக்காலத்துலயா? கூரையில்லாத வீட்லயா புள்ளைங்க தூங்குது? விளக்கு ஏத்துனது யாருப்பா?”

எர்மிலோ போனை மறு காதுக்கு மாற்றினார்.

“நான்தான்.”

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னை ஏமாத்தத்தான ஏத்துனீங்க?”

“முதல்ல அதுக்குத்தாம்மா. இப்பல்லாம் படம் எடுக்காத அன்னைக்கும் ஏத்துறேன். எதிர்ல யாரோ இருக்கிற மாதிரி இருக்கு.” குரல் உடைந்தது. “வந்து கூட்டிட்டுப் போடி.”