இரண்டைக் கழிக்கும் வீடு

தையல்காரர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் காட்டுவது ஒன்று, அடிப்பது ஒன்று. முள் ஒன்பதில் நின்றால் மணி பதினொன்று அடிக்கும். யாரோ அவசரத்தில் முள்ளைத் திருகியதால் வந்த வினை. வீட்டாரும் இரண்டைக் கழித்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். தையல்காரருக்குக் கண்ணாடி போட்டால் ஊசி தெரியும், எதிர்ச்சுவர் தெரியாது. நேரம் பார்ப்பதெல்லாம் காதால்தான்.

புதிதாக வந்த மருமகளுக்கு மாமனாருக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அவர் நூல் வாங்கப் போன காலையில், ஸ்டூல் போட்டு ஏறினாள். மணியடிக்கும் சக்கரத்துக்கு முள்ளைப் பற்றிக் கவலையே இல்லை. போன தடவை அடித்ததற்கு அடுத்ததை அடிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருந்த சின்னக் கம்பியை விரலால் தூக்கினாள். கடைசியாகப் பன்னிரண்டு அடித்திருந்ததால் இப்போது ஒன்று அடித்தது. மறுபடி தூக்கினாள், இரண்டு. முள் பத்தைத் தாண்டியிருந்ததால் பத்து வரை விடாமல் தூக்கினாள்.

பக்கத்து வீட்டு நர்ஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, காலையிலேயே சாயங்காலத்தைக் கொண்டுவந்துட்டியே! என் கோட்டு சாயங்காலம் அஞ்சுக்கு வேணும். புது வேலை, முதல் நாளே லேட்டாப் போனா தொலைஞ்சேன்."

"மாமா சொன்னா சொன்னதுதான் அக்கா."

ரெண்டு மணிக்கு மேல்தான் நூலோடு திரும்பிய மாமனார், சாப்பிட்டதும் படுத்தார். நாலு மணி சரியாக நாலு அடித்தது. பாராட்டு வரும் என்று மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவர் சுகமாகப் புரண்டு படுத்தார். 'ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போகும்?' என்று அவள் முணுமுணுத்துக்கொண்டு பாத்திரங்களிடம் போனாள்.

ஐந்து அடித்த கையோடு நர்ஸ் வந்து நின்றாள். கோட்டு கொடியில் தொங்கியது. ஒரு பொத்தான்கூட இல்லை.

"என்னம்மா அவசரம்? மணி மூணுதானே?" என்றார் தையல்காரர் கொட்டாவியோடு. "இப்பத்தான் அஞ்சு அடிச்சுது."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா, காலையில நான்தான் சரி பண்ணினேன். சொல்லாம விட்டுட்டேன்." ஒரு நாளும் வாக்குத் தவறாத மனுஷர். அவரைத் தவற வைத்தது தன் கை.

கிழவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பினார். "கடிகாரமும் சரியாத்தான் அடிச்சுது, என் மருமகளும் சரியாத்தான் வெச்சா. உள்ளதை உள்ளபடி கேக்கத் தெரியாத காது என்னோடது. நீ திட்டணும்னா என்னைத் திட்டு."

நேரம் மிச்சமாகட்டும் என்று நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டே நின்றாள். கிழவர் கீழ்ப் பொத்தானைத் தைக்க உட்கார்ந்தார்.

"நீ ஏம்மா மூக்கை உறிஞ்சிட்டு நிக்கறே? மேல்பொத்தானைப் பிடி. அழுதுட்டே தைக்காதே, அப்புறம் கோட்டு சுருங்கிப்போச்சுன்னு அதுக்கும் என்னைத்தான் கேப்பாங்க."

மருமகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். நடுப்பொத்தானுக்கு ஆள் இல்லை.

"ஊசியைக் குடுங்க," என்றாள் நர்ஸ். "நானும் தையல் போடற ஆளுதான். என்கிட்ட வர்றவங்கதான் கொஞ்சம் கத்துவாங்க."