எட்டு இருபதுக்கு வரும் வண்டி

திங்கட்கிழமையிலிருந்து ஷெல்பி குப்பை போடக் கீழே இறங்கி வரவில்லை. ஏன் என்று ஊரியேலுக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இரண்டு மாதமாக அது ஒரு நாளும் தவறியதில்லை. காலை எட்டு இருபதுக்குத் தெருமுனையில் குப்பைக்காரன் பெலோன் கைமணியை ஆட்டிக்கொண்டு நடப்பான். பின்னாலேயே குப்பை லாரி ஊர்ந்து வரும். மெக்சிகோ நகரத்தின் அந்தப் பகுதியில் பையை வாசலில் வைத்துவிட்டுத் தூங்கப் போக முடியாது. மணி கேட்டதும் கையில் எடுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வரவேண்டும். ஈரத் தலையோடும் இரவு உடையோடும் கட்டடமே இறங்கி நிற்கும். இரண்டாம் மாடி ஊரியேலும் மூன்றாம் மாடி ஷெல்பியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது அப்படித்தான். அவள் ஜனவரியில் அமெரிக்காவின் மில்வாக்கியிலிருந்து தனியாக வந்து குடியேறியவள். அங்கே இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு இங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். தினமும் ஒன்பது மணிக்குக் கேமராவில் கூட்டம். வந்த முதல் வாரம் பழத்தோலையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பெலோன் அதைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கிக் காட்ட, வரிசையே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் அவள்தான். வரிசை நகர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஊரியேல் தலைவாரிக்கொண்டு இறங்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

போன சனிக்கிழமை அவன் கேட்டுவிட்டான்: "ஜூனோட உங்க வீட்டு ஒப்பந்தம் முடியுதில்ல? அப்புறம் ஊருக்கே போயிடுவீங்களா?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் லாரி நகர்ந்தது. பையோடு ஓடிப்போய்க் கொடுத்தவள், தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஞாயிறு வண்டி கிடையாது. திங்கள் அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. உடம்பு சரியில்லை என்றும் சொல்ல முடியாது. தலைக்கு மேலே அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக யாரிடமோ அவள் பேசிச் சிரிப்பதுகூடக் கேட்டது.

"என்ன மாஸ்டர், ஜோடியில ஒண்ணு குறையுது?" என்றான் பெலோன். "ஏதாச்சும் உளறி வெச்சியா?"

"நான் என்னத்த உளறப் போறேன்?"

"மூஞ்சியே சொல்லுதே. பாவம், வாரின தலை வீணாப் போச்சு."

ஊரியேல் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவன் தொழிலில் முதலில் எதையும் கழற்றக் கூடாது. கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது, அதற்கும் நின்றதற்கும் நடுவே என்ன மாறியது என்று கேட்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் அந்த ஒரு கேள்வியிலேயே அகப்பட்டுவிடும். அந்தக் கணக்கில் பார்த்தால் சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவே மாறியது ஒன்றுதான். அவன் வாயைத் திறந்தான். போகப் போகிறவளிடம் போகிறாயா என்று கேட்டால், மறுபடி முகத்தைப் பார்க்கத் தோன்றுமா? ஜூன் வரை மிச்சமிருந்த நாட்களையும் ஒரே கேள்வியில் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தான்.

வியாழக்கிழமை ஒரு பதினான்கு மாடி அலுவலகத்திலிருந்து புகார் வந்தது. திங்களிலிருந்து காலையில் லிஃப்டுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். காலை நெரிசலில் எல்லோரும் தரைத்தளத்திலிருந்துதான் ஏறுவார்கள். அதனால் அந்த நேரத்தில் லிஃப்ட் ஆளை மேலே இறக்கியதும் அங்கேயே நிற்காது. காலியாகக் கீழே வந்து கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அப்படிச் செய்யும்படி அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஊரியேல் மோட்டாரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் வாசல் காவலுக்கு இருந்த ஃபெர்மினா அம்மாளிடம் போனான்.

"லிஃப்டுக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றாள் அவள். "பதினொண்ணாவது மாடிக்காரங்கதான் திங்கக்கிழமையிலேருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து குவியறாங்க. அவங்க போன்ல பேசறது பூரா டெக்சாஸ்காரங்களோட. அங்க வெயில் காலத்துக்காக ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுட்டாங்களாம். நாமதான் அந்தக் கூத்தை எப்பவோ விட்டுட்டமே."

திருப்புளியைக் கையில் பிடித்தபடி ஊரியேல் நின்றான். டெக்சாஸ் தள்ளினால் மில்வாக்கியும் தள்ளியிருக்கும். குளிர்காலத்தில் அங்கேயும் இங்கேயும் ஒரே மணி. இப்போது அவளுடைய ஒன்பது மணிக் கூட்டம், இங்கே எட்டு மணிக்கு. வண்டி வரும்போது அவள் கேமராவுக்கு முன்னால் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"என்னப்பா, என்ன சிரிப்பு?"

"சரியாயிடும்மா," என்றவன், ஏழரைக்கே கீழே வந்து காத்திருக்கும்படி லிஃப்டை மாற்றிவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினான். திறந்த ஷெல்பியின் முகம் சிவந்துபோனது. அவளுக்குப் பின்னால் பால்கனியில் மூன்று பைகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. அவன் பார்ப்பதைப் பார்த்ததும், இனி மறைத்து என்ன என்பதுபோல அவள் குளிர்பெட்டியின் மேல்கதவையும் திறந்து காட்டினாள். வாழைப்பழத் தோலும் காப்பிச் சக்கையும் கல்லாக உறைந்து கிடந்தன.

"ஐஸ்ல வெச்சா நாத்தம் வராதுன்னு..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என் குப்பையத் தூக்குங்கன்னு எப்படிங்க கேக்கறது? அதுவும் நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம ஓடி வந்துட்டு. கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கோவமா? நான் கேட்டதாலதான் நீங்க வரலைன்னு நாலு நாளா மண்டைய ஒடச்சிட்டிருக்கேன்." பதினொன்றாம் மாடிக்காரர்களின் கதையை அவன் சொன்னான். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நவம்பர் மாசம் மொத ஞாயிறு வரைக்கும் இப்படித்தான் இருக்கும். அப்பதான் திருப்பி வெப்பாங்க," என்றாள்.

ஊரியேல் மனதுக்குள் ஜூனைத் தாண்டி மாதங்களை எண்ணினான். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. "அப்போ நவம்பர் வரைக்கும் உங்க பைய நான் எடுத்துட்டுப் போறேன்," என்றான்.

குளிர்பெட்டியின் கதவு இன்னும் திறந்தே இருந்தது. வெள்ளைக் குளிர்ப்புகை அவள் கைமேல் வழிந்தது.

"நவம்பர் வரைக்கும்," என்றாள், புது உடையைப் போட்டுப் பார்ப்பதுபோல நிதானமாக. "சரி. ஆனா காப்பி என்னுது."

வெள்ளிக்கிழமையிலிருந்து ஏற்பாடு இதுதான். எட்டு மணிக்கு முன்னால் அவள் பைகளைக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடுகிறாள், தோல் தனி, பிளாஸ்டிக் தனி. மணி கேட்டதும் இரண்டு வீட்டுப் பைகளையும் எடுத்துக்கொண்டு அவன் இறங்குகிறான். எட்டே முக்காலுக்குக் கூட்டம் முடிந்து, இரண்டு கோப்பைக் காப்பியோடு அவள் வாசலுக்கு வருகிறாள். அவனுடைய கம்பெனி வேன் ஒன்பதுக்கு வருகிறது. வரிசையில் கிடைத்தது ஐந்து நிமிடம், இதில் பதினைந்து.