முப்பதுக்குப் பூட்டு

என் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறேன். மூன்றாவது மாடி, பதினோரு பேர், கீழே அச்சகம். அங்கே இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தால் எங்கள் மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒருத்தி படகு வலித்துக்கொண்டு தன் வீட்டைத் தேடிப் போகிறாள், அதுதான் எங்கள் கேம். அந்த வெள்ளம் முழுக்க என்னுடையது. இரண்டு வருடம் அதற்குத்தான் உட்கார்ந்தேன். துடுப்பு பட்டால் அலை விலகும், விலகிய அலை சுவரில் மோதித் திரும்பி வந்து படகைத் தள்ளும். எதுவும் முன்கூட்டியே வரைந்து வைத்த படம் இல்லை. அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு எழுகிற தண்ணீர்.

அந்தக் கணக்குக்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், திரையில் படம் வரைவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற பாகம் அது. என் மேசைக்கடியில் ஒன்று இருந்தது. வேலை இல்லாவிட்டால் அதன் ஃபேன் நின்றுவிடும், வேலை கொடுத்தால்தான் சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கும் கை ஓடும்.

என் அக்கா பல் டாக்டர். நாளெல்லாம் ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கேம் விளையாட உட்கார்ந்துவிடுவாள். கேம் வெளிவர மூன்று மாதம் இருக்கும்போது, என் தண்ணீர்ப் புராணத்தைக் கேட்டுக் கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கார்டைக் கழற்றிவிட்டுக் கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கி மாட்டினாள். அத்தான் ஒரு வருடமாகப் புது சோஃபா கேட்டுக்கொண்டிருந்தார். சோஃபா போச்சு.

"உன் தண்ணிக்காகத்தாண்டி வாங்கினேன். ஏமாத்திடாதே" என்றாள்.

அந்த வாரமே எங்கள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கேம் கன்சோலிலும் அதே நாளில் வர வேண்டுமாம். டி.வி.க்குக் கீழே வைத்து விளையாடுகிற அந்தப் பெட்டிதான். வாங்குகிறவர்களில் பத்துக்கு ஏழு பேரிடம் அதுதான் இருக்கிறது என்றார். பெட்டி வந்து ஏழு வருடமாகிறது. கம்ப்யூட்டர் மாதிரி திறந்து ஒரு பாகத்தை மாற்ற முடியாது. உள்ளே என்ன வைத்து மூடினார்களோ அதுதான்.

பெட்டிக்குப் பெட்டியின் தண்ணீர், கம்ப்யூட்டருக்கு என் தண்ணீர் என்று பிரித்துக் கொடுக்கலாமே என்று கேட்டேன். படகு தண்ணீரின் மேல் போகிறது, அலை வேறானால் ஆட்டமே வேறாகிவிடும், இரண்டையும் அருகருகே வைத்து வீடியோ போட்டு ஊரே சண்டை போடும் என்றார். எல்லோருக்கும் ஒரே தண்ணீர். பேச்சு முடிந்தது.

பெட்டிக்குள் கேமை அடக்குவதற்கென்று புதிதாக ஒருவரை எடுத்தார்கள். எதைப் பார்த்தாலும் வெட்டுவதால் நான் அவருக்குக் கத்தரி என்று பெயர் வைத்தேன். மனிதர் குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே எனக்கு எரிச்சல். பெட்டி ஒரு நொடிக்கு முப்பது படம் காட்டும், அந்தப் படங்களுக்கு ஃப்ரேம் என்று பெயர். ஒரு ஃப்ரேமுக்கு முப்பத்து மூன்று மில்லி செகண்ட். ஊர், மழை, படகு, சத்தம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். என் தண்ணீர் மட்டும் பெட்டியில் இருபத்தொன்றைத் தின்றது.

"உங்களுக்கு ஆறு தர்றேன். அதுக்கு மேல என்கிட்ட இல்ல" என்றார் கத்தரி. மூன்று வாரத்துக்குள் அடங்காவிட்டால் தண்ணீருக்குப் பதில் நீல வண்ணத்தில் ஒரு விரிப்பை விரித்துவிடுவார்களாம். விரிப்பு! அதில் படகு போனால் தரையில் கட்டிலை இழுத்துப் போவது போலத்தான் இருக்கும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் படி வரை போனேன். திரும்பி வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். வருடா வருடம் சிப் செய்கிறவர்கள் உயிரைக் கொடுத்துப் புதிதாக ஒன்று கொண்டுவருகிறார்கள், நாம் இந்தக் கிழட்டுப் பெட்டிக்காக வாசலிலேயே நிற்க வேண்டுமா, அப்புறம் எதற்கு அந்தப் புது சிப் என்று பொரிந்து தள்ளினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"கடையில இருக்கிறதுக்கு நாம எழுதறதில்லங்க. வீட்டுல இருக்கிறதுக்குத்தான் எழுதறோம்."

அவர் சொன்னது சரி என்பதால் கோபம் இரட்டிப்பானது, உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

வெட்கக்கேட்டை ஒளிப்பானேன். என் தண்ணீரை நானே முதல் தடவையாக உற்றுப் பார்த்தது அப்போதுதான். யாரும் போகாத சந்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு முழு அறையில் சிற்றலை. யாருக்காக? பெரிய கார்டு எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் விழுங்கியதால் இரண்டு வருடம் நான் யோசிக்கவே இல்லை. வெட்ட வெட்ட இருபத்தொன்று பதினான்கானது, பதினான்கு ஒன்பதானது. அங்கே நின்றுவிட்டது. நான்கு நாள் நகரவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்தான் மிச்சம்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. அதுவரை தண்ணீர் கடிகாரத்தைப் பார்த்து, எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று அளந்து, பல சின்னச் சின்ன அடிகளாக நகர்ந்துகொண்டிருந்தது. பெட்டியில் எப்போதும் முப்பது ஃப்ரேம்தான், பிறகு கடிகாரம் எதற்கு? ஒரு ஃப்ரேமுக்கு ஒரே அடி என்று மாற்றினேன். ஐந்தே முக்கால்! கத்தரி எண்ணைப் பார்த்தார், எழுந்து போனார், எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பெட்டியையும் என் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட, என் கம்ப்யூட்டருக்கும் முப்பது ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி ஒரு பூட்டுப் போட்டேன். என்னுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும், ஒரே ஒரு வரி. இரண்டு திரையிலும் தண்ணீர் ஒன்றாகவே ஓடியது. கம்ப்யூட்டர் பதிப்பைச் சோதித்த பெண் தன் பழைய லேப்டாப்பில் விளையாடிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். அந்த லேப்டாப் மூச்சு வாங்கி முப்பதைத் தொடும், தாண்டாது. நாங்கள் எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியீட்டு நாள், காலை பத்து மணி. பெட்டியில் விளையாடியவர்கள் தண்ணீரைப் புகழ்ந்து எழுத ஆரம்பித்தார்கள். நான் மாடிப்படிக்கும் மேசைக்கும் நடந்தபடியே ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினொன்றரைக்கு அக்கா கூப்பிட்டாள். எனக்காகக் கிளினிக்குக்கு விடுமுறை விட்டிருந்தாள்.

"ஏண்டி, இந்தப் பொண்ணு எங்க இவ்வளவு அவசரமா போறா?"

வீடியோவில் திரையைக் காட்டினாள். வெள்ளம் கொதித்துக்கொண்டிருந்தது. படகு சீறிப் போய்ச் சுவரில் மோதி, மேலே எழும்பி, கூரையில் குப்புறக் கிடந்தது. அத்தான் பின்னால் நின்று சிரிப்பது கேட்டது. அவளுடைய கார்டு நொடிக்கு நூற்றிருபது ஃப்ரேம் தரும். ஃப்ரேமுக்கு ஒரு அடி வைக்கச் சொல்லியிருந்தேன். தண்ணீர் நூற்றிருபது அடி வைத்தது, நான்கு மடங்கு வேகம். கம்ப்யூட்டர் எவ்வளவு நல்லதோ அவ்வளவு பைத்தியம் பிடித்த வெள்ளம். என் கம்ப்யூட்டரில் மட்டும் அது தெரியவில்லை, நானே போட்ட பூட்டு அங்கே இருந்தது.

அதற்குள் புகார்கள் குவிந்துவிட்டன. முதலாளி என்னையும் கத்தரியையும் அறைக்குள் கூப்பிட்டார். முறையாகச் சரிசெய்ய வேண்டுமானால் தண்ணீரைப் பழையபடி கடிகாரத்துக்குக் கட்ட வேண்டும், படகின் ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும், மூன்று வாரம் கொடுங்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் கேம் செத்துவிடும் என்றார். பிறகு, என் கம்ப்யூட்டரில் இருக்கிற அந்தப் பூட்டை எல்லோருக்கும் போட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் என்றேன்.

"இன்னிக்குப் பூட்டு. அப்புறம் நிதானமா சரி பண்ணலாம்."

அந்த 'அப்புறம்' எப்போது என்று கேட்டேன். திங்கட்கிழமை அடுத்த கேம் ஆரம்பம், கன்சோலுக்கு, தண்ணீர் என் பொறுப்பு, இடையில் நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் கத்தரி என் முகத்தைப் பார்க்காமல், தான் போட்டுவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வெள்ளம் என்னுடையது, அதை அடுத்தவர் கையால் பூட்ட மனமில்லை. நானே உட்கார்ந்து முப்பது என்று தட்டினேன். மேசைக்கடியில் ஃபேன் சத்தமே இல்லை. அது பல நாளாக அப்படித்தான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் புகார்கள் குறைந்தன. எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் விளையாடுகிறேன், இப்படித் தண்ணீர் ஓடும் என்று நினைக்கவே இல்லை என்று யாரோ எழுதியிருந்தார். அதை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

அக்கா திரும்பக் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். இப்போது சரியாகப் போகிறது, இரண்டாவது தெரு வரை வந்துவிட்டேன், தண்ணீர் நிஜமாகவே அழகு என்றாள். பிறகு, ஆனால் என்று இழுத்தாள். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி. கீழ குனிஞ்சு பார்த்தேன். கார்டோட ஃபேன் சுத்தவே இல்ல."

"மூணு வாரத்துல சுத்தும்க்கா" என்றேன். திங்கட்கிழமை நான் எந்த வேலையில் உட்காரப் போகிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.