பெக்கரல் பதக்கம்

குவீன் ஸ்திரீட்டில் நகைக்கடை வைத்திருந்த குடும்பம் என்பதால், வள்ளியம்மா ஆச்சிக்கு எதையும் தங்கமாகவே பார்த்துப் பழக்கம். போன வருஷம் அவர் ஒரு கறுப்புக் கல் பதக்கத்தை விற்கத் தொடங்கினார். எரிமலைக் கல்லாம், உடம்புக்குச் சக்தி தருமாம், முட்டிவலி ஓடிப்போகுமாம். பெட்டியில் 'இரண்டாயிரம் பெக்கரல்' என்று அச்சடித்திருந்தது. தங்கத்துக்குக் கேரட் எப்படியோ இதற்குப் பெக்கரல் அப்படி என்று ஆச்சி விளக்கம் கொடுத்தார். ஆயிரம் உள்ளது மட்டமாம், இரண்டாயிரம்தான் அசல் சரக்காம். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் பாதிக் கழுத்துகளில் அது தொங்கியது. யாருக்கும் முட்டிவலி போனதாகத் தகவல் இல்லை. இன்னும் வலிக்கிறது என்று ஆச்சியிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அதே அடுக்குமாடியில் இருந்த துளசிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பன்று ஆச்சி கையால் அந்தப் பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகுதான் வளையல் என்று மாமியார் ஜெயலெட்சுமி முடிவு கட்டிவிட்டார். துளசிக்கு அதை வயிற்றுக்கு மேல் தொங்கவிட மனமில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் கீழ்வீட்டு ஷாஹிராவிடம் போய் விசாரித்தாள். ஒரு வினாடிக்கு எத்தனை அணு உடைந்து கதிரைக் கக்குகிறது என்ற கணக்குதான் பெக்கரல், கேரட்டுமில்லை கத்தரிக்காயுமில்லை என்றார் ஷாஹிரா. அந்தக் கதிர் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு சீவர்ட் என்று தனி அளவு உண்டாம். துளசி சும்மா இருப்பவளா? ஆன்லைனில் கதிரை அளக்கும் மீட்டர் ஒன்றையே வாங்கிவிட்டாள்.

வளைகாப்பில் சந்தனம் பூசி முடிந்ததும் ஆச்சி பதக்கத்தை எடுத்தார், துளசி மீட்டரை எடுத்தாள். வெறும் மேசையில் அது மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட் காட்டியது. பதக்கத்தின் மேல் வைத்ததும் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டு இரண்டரைக்குத் தாவியது. கூட்டம் மிரளும் என்று துளசி நினைத்தாள். கூட்டமோ வாயைப் பிளந்தது.

"பாத்துக்குங்க, மெஷினே சொல்லுது," என்றார் ஆச்சி. "நான் சும்மாவா வித்தேன்?"

கூட்டத்தில் இருந்த சாந்தினி அக்கா அங்கேயே தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று சொல்லிவைத்தார்.

"ஆச்சி, அது சக்தி இல்ல, கதிர்," என்றாள் துளசி. "எம் பிள்ளைக்கு வேணாம்."

"மைக்ரோன்னா குட்டிதானேம்மா. ஒரு நாள் போட்டா என்ன ஆயிடும்?" என்றார் ஆச்சி.

எல்லாரும் வளைகாப்புக்கு வந்திருந்த ஷாஹிராவைப் பார்த்தார்கள். ஒரு நாளில் ஒன்றும் ஆகாதுதான், ஆனால் எந்தப் பயனும் இல்லாத ஒன்றை எதற்கு மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் உள்ளதைச் சொன்னார். ஜெயலெட்சுமிக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

"அதான் ஆகாதுன்னு சொல்றாங்கல்ல. பதக்கம் இல்லாம வளையல் இல்லலா."

துளசியின் கணவன் குகனுக்கு அப்போது பார்த்து மின்விசிறியில் ஏதோ கோளாறு தெரிந்தது. அதைத் தட்டிப் பார்க்க எழுந்து போனான்.

"அப்ப பதக்கத்த நீங்களே போட்டுக்குங்க அத்தை," என்றாள் துளசி. "வளையல் எனக்கு வந்தது."

வளையல் தட்டை இழுத்து ஷாஹிரா முன்னால் வைத்தாள். "அக்கா, நீங்க ஆரம்பிங்க. ரெண்டு பிள்ளை பெத்த கைதானே."

ஷாஹிரா ஒரு தரம் ஜெயலெட்சுமியின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையைத் துளசி மடக்கவில்லை. முதல் கண்ணாடி வளையல் ஏறியது. மற்றவர்கள் ஜெயலெட்சுமி எழுவாரா என்று பார்த்தார்கள். கடைசியில் சாந்தினி அக்கா, சோறு ஆறுகிறது என்று யாரையோ திட்டுவதுபோல எழுந்து வந்து இரண்டாவதைப் போட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

ஜெயலெட்சுமி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. துளசி வளையல் நிறைந்த கையை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள். கை வலித்தது. இறக்கவில்லை.