பதின்மூன்று படிகளில் நான்கு நாள்

இல்ஃபோர்டில் மேரிறோஸ் மார்ச் மாதத்து ஒரு செவ்வாய் காலை தன் வீட்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கி, மேல் அறைக்கு வெள்ளி பின்னேரம் போய்ச் சேர்ந்தாள். படிகள் பதின்மூன்று. மழைக்குள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க, பக்கத்து வீட்டு மச்சாள் டொலறஸின் மலைச் சப்பாத்தை இரவல் வாங்கியிருந்தாள். மேலே போன் அடித்ததால் அதைக் கழற்றாமல் ஓடினாள். மூன்றாம் படியில் கறுப்புச் சாம்பல் தொடங்கியது. பிறகு கந்தகம் மணக்கும் வெந்நீர் ஓடைகள், மஞ்சள் மலைகள், ஆறிப்போன எரிமலைக் குழம்பின் மேல் ஒற்றையடிப் பாதை, தங்குவதற்கு மூன்று மரக் குடிசைகள். இறங்க அரை நிமிடம் பிடித்தது. கணவன் ரதீசனுக்கு அந்தக் கிழமை இரவு ஷிப்ட். "நான் வரேக்க அவ வேலைக்குப் போட்டா எண்டு நினைச்சன்" என்றான்.

ரதீசனின் அக்கா டொலறஸால் இதைத் தாங்க முடியவில்லை. ஐஸ்லாந்தின் எரிமலைகளுக்குள் நான்கு நாள் நடக்க மூன்று வருடமாக ஆயத்தம் செய்தவள் அவள். சனிக்கிழமைகளில் பூங்காவைப் பதினொரு தடவை சுற்றிச் சப்பாத்தைப் பழக்கினாள். குடிசைகளில் கட்டில் பதிவு செய்த வருடம் முழங்கால் வீங்கி, பயணம் நின்றுபோனது. மேரிறோஸோ பஸ் தரிப்பிடத்துக்கு அப்பால் நடந்தறியாதவள். இப்போது மலைக்காற்றில் முகம் கறுத்து, முன்னையிலும் வடிவாக இருந்தாள்.

"உம்மட படியில நானும் ஏறிப் பாக்கட்டே?"

"ஏறுங்கோ மச்சாள், படிக்கென்ன டிக்கெற்றே?"

ஏப்ரல் முழுவதும் டொலறஸ் ஏறினாள்; முதுகில் பையோடு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் ஏறினாள். படிகள் பதின்மூன்றாகவே இருந்தன. இருபது வருடமாக அந்த இரண்டு வீடுகளுக்குள்ளும் யாரும் சப்பாத்தோடு நடந்ததில்லை. டொலறஸ் இரண்டாம் தடவை ஏறியபோதே மேரிறோஸ் காரணத்தை விளங்கிக்கொண்டாள். சொல்லவில்லை. செவ்வாய்தோறும் போய் வந்தாள்.

மே முதல் செவ்வாய் டொலறஸ் வாசலில் நின்றாள். "என்ர சப்பாத்தைத் தாரும்."

"இன்னும் ஒரு கிழமை வைச்சிருக்கட்டே மச்சாள்? குப்பை வைக்க நல்ல வசதி."

"உம்மட வீட்டில அவ்வளவு குப்பை இல்லை."

மேரிறோஸ் கொடுத்துவிட்டு மனம் மாற முன், டொலறஸ் அதை அங்கேயே காலில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். கோபத்தில் கழற்ற மறந்து படியேறினாள். மூன்றாம் படியில் சாம்பல் நெரிந்தது.

இரண்டாம் குடிசையில் வருகைப் புத்தகம் இருந்தது. அதில் மேரிறோஸின் உருண்டைக் கையெழுத்தில் ஏழு முறை 'டொலறஸ்' என்று எழுதியிருந்தது. கட்டில் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருந்தது. ஏழாவதன் கீழே, "மச்சாள், முழங்கால் வீங்கினால் பின்பக்கத்து ஓடையில் வையுங்கோ." தன் பாதையில் தனக்கு முன்னால் வந்துவிட்ட அந்தக் கையெழுத்தை டொலறஸ் நெடுநேரம் வெறுத்தாள். பிறகு போய் முழங்காலை வைத்தாள். வீக்கம் வற்றியது.

இப்போது சப்பாத்து இரண்டு வாசல்களுக்கும் நடுவிலுள்ள குட்டைச் சுவரில் இருக்கிறது. ஒரு கிழமை ஒருத்தி, மறு கிழமை மற்றவள். படிக் கம்பளத்தை வாரத்துக்கு ஒருமுறை தட்டவேண்டும், சாம்பல் கொட்டும். இன்றைய நிலவரப்படி மேரிறோஸ் முப்பத்தொரு தடவை, டொலறஸ் இருபத்துநான்கு. அந்த முதல் ஏழு தடவைகளை டொலறஸ் இன்னும் மன்னிக்கவில்லை.