தலையில் ஒரு புள்ளி

"அழுக்குன்னு நெனச்சு வெள்ளை மை வெச்சு அழிச்சிட்டேன், டீச்சர்" என்றாள் அச்சகக்காரி.

டீச்சர் கையிலிருந்த வினாத்தாளைக் கோபத்தில் மேசைமேல் வீசினாள். விடிந்தால் கணக்குப் பரீட்சை. வினாத்தாள்கள் அச்சாகி, கட்டுப்போட்டு, எடுத்துப்போகத் தயாராக மேசைமேல் இருந்தன. அதில் 0.3 என்ற எண்ணில், தலையில் புள்ளி சூடியிருக்க வேண்டிய மூன்று மொட்டைத் தலையோடு நின்றது. அச்சகக்காரியையும் குறை சொல்ல முடியாது. இயந்திரத்தின் கண்ணாடியில் தூசி விழுந்தால் தாளிலும் புள்ளி விழும். அச்சேற்றுமுன் மூலத்தாளை வெளிச்சத்தில் பிடித்து, வேண்டாத புள்ளியையெல்லாம் அழித்துவிடுவாள். அந்தச் சுத்தத்துக்காகத்தான் பள்ளிக்கூடம் இத்தனை வருஷமாக அவளிடமே வந்தது. பாழாய்ப்போன அந்தச் சுத்தமே இன்றைக்கு அவள் பிழைப்புக்கு வேட்டு வைத்துவிட்டது.

"ஹெச்.எம்.முக்குத் தெரிஞ்சா அடுத்த தடவை வேற அச்சகம்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான படிச்சோம்?"

"படிச்சோம். இந்தப் பாடம் நடத்துனப்ப நான் எங்க இருந்தேன்?"

சொன்ன பிறகுதான் அச்சகக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருந்த இடம் இரண்டு பேருக்குமே தெரியும். அவள் அப்பாவின் கை அச்சு இயந்திரத்தில் சிக்கிய வாரம் அது. ஒரு வாரம் அச்சகத்தைப் பார்த்துக்கொள் என்றார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூட மணி இங்கே வரைக்கும் கேட்கும். முதல் வருஷம் முழுக்க அந்த மணி அடிக்கும்போதெல்லாம் அவள் இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டாள்.

டீச்சர் பையைச் சுவரோரப் பெஞ்சில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேனா எடு. கையாலயே வெச்சிடுவோம்."

கட்டைப் பிரித்தார்கள். ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு, தாள் தாளாக அந்த மூன்றின் தலையில் புள்ளி வைத்தார்கள்.

"இத்தனூண்டு புள்ளிக்கு இவ்வளவு கலாட்டாவா, டீச்சர்?"

"மேல புள்ளி இல்லன்னா அது பத்துல மூணு பங்கு. புள்ளி இருந்தா மூணுல ஒரு பங்கு. ஒண்ண மூணால வகுத்தா மூணு வரும், திரும்பவும் மூணு, திரும்பவும் மூணு. எழுதி மாளாது. அதான் தலையில ஒரு புள்ளி. சுழல் தசமம்னு பேரு."

அச்சகக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன கூத்து! எழுத்து மேல புள்ளி வெச்சா சத்தம் அடங்கும். எண்ணு மேல வெச்சா அடங்கவே அடங்காதா?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். "கிளாஸ்ல இருந்திருந்தா இத நீ கேட்டிருப்ப. சார் திணறியிருப்பாரு." பிறகு குனிந்துகொண்டு சொன்னாள்: "நீ திரும்ப வருவன்னு உன் இடத்துல என் பையை வெச்சுக்கிட்டேன். யாரையும் உக்கார விடல. வருஷம் முழுக்க."

அச்சகக்காரிக்குக் கண் கலங்கியது. நனைந்துவிடாமல் இருக்க எதிரிலிருந்த தாளைத் தள்ளி வைத்தாள். டீச்சர் தன்னை மறந்துவிட்டாள் என்றல்லவா இத்தனை காலமாக நினைத்திருந்தாள்! அதனால்தானே இந்த 'டீச்சர்', 'வாங்க', 'போங்க' எல்லாம்.

கடைசிக் கட்டும் முடிந்தது. டீச்சர் வெளியே போய் ஆட்டோவைக் கூப்பிட்டு, கட்டுகளை ஏற்றச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அச்சகக்காரி அந்தப் பெஞ்சில், பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கழிவுத் தாளில் ஒன்றை மூன்றால் வகுத்துக்கொண்டிருந்தாள். மூன்று, மீதி ஒன்று. பூஜ்யம் சேர்த்தால் பத்து. மறுபடி மூன்று, மறுபடி அதே ஒன்று. மூன்றுகள் தாளின் ஓரம் வரை போய் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன.

"முதல் மூணு மேல புள்ளி வெச்சா முடிஞ்சுது. எதுக்கு இப்படி எழுதிக்கிட்டே போற?"

"வெக்கிறேன், வெக்கிறேன்" என்றாள் நிமிராமல். "உக்காருடி. இன்னும் கொஞ்சம் போகட்டும்."

டீச்சர் பெஞ்சில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.