மிளகாய்த்தூள் டப்பாவில் கமருன்னிசா

மகள் இரம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதால், ஹஃபீசா மூன்று வாரம் ஊரப்பாக்கத்தில் போய் இருக்கவேண்டி வந்தது. மகளின் காலைவிட, கீழ்க்கட்டளையில் தனியாக இருக்கப்போகும் கணவரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. தன் எலெக்ட்ரிக்கல் கடையில் நூறு வகை ஸ்விட்சையும் தடவிப் பார்த்தே சொல்லிவிடும் ஹாஜா மைதீனுக்கு, சமையலறையில் சீரகமும் சோம்பும் ஒன்றுதான். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டலாமென்றால், மனிதர் வீட்டில் கண்ணாடி போடவே மாட்டார்.

"பெருசா எதையாவது வரைஞ்சு வெச்சிட்டுப் போ," என்றார்.

ஹஃபீசாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் தவளைப் படம் வரைந்ததோடு சரி. கடையிலிருந்து வந்த கறுப்பு மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு சோம்பு டப்பாவின் முன்னால் யோசித்தார். சோம்பை வரைந்தால் அதுவும் சீரகம் மாதிரிதான் இருக்கும். பிரியாணி சாப்பிட்டதும் கைநிறையச் சோம்பு அள்ளும் தன் தம்பியின் ஞாபகம் வந்தது. அவன் முகத்தையே போட்டார். நாலைந்து கோடுதான். தம்பி டப்பாவிலிருந்து மென்றுகொண்டே பார்த்தான்.

ஹஃபீசா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கை நிற்கவில்லை. சர்க்கரைக்கு, குழையக் குழையப் பேசும் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசன் சார். புளிக்கு, எதைப் பரிமாறினாலும் முகம் சுளிக்கும் மருமகன் ஃபயாஸ். மிளகாய்த்தூளுக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கணவரின் அக்கா கமருன்னிசா.

பத்து நாள் ஹாஜா மைதீனின் சமையல் பிசகாமல் நடந்தது. பதினோராம் நாள் தம்பியைப் பார்க்க வந்த கமருன்னிசா, அவர் வைத்த குழம்பை நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடா இது, காரமே இல்ல? மிளகாத்தூள் எங்க கீது?" என்று எழுந்து உள்ளே போனார். ஹாஜா மைதீன் பின்னாலேயே ஓடினார். பயனில்லை.

ஊரப்பாக்கத்தில் ஹஃபீசாவின் போன் அடித்தது.

"அக்கா டப்பாவைப் பாத்துட்டாங்க."

"எந்த டப்பாவை?"

"அவங்க டப்பாவைத்தான்."

"ஐயோ! என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பையில போட்டு எடுத்துக்கினு போயிட்டாங்க."

அன்று முழுக்க ஹஃபீசாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு இரம் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலையில் கமருன்னிசாவே கூப்பிட்டார். முப்பத்துநாலு வருஷமாக அவர் எது சொன்னாலும் ஹஃபீசா சொல்லும் பதில் ஒன்றுதான்: சரிங்க அக்கா.

"மூக்கை இவ்ளோ பெருசா போட்டுக்கீறே?"

"அக்கா, அது வந்து..."

"அப்படியே எங்க அத்தா மூக்கு, உன் மாமனாரு மூக்கு. இத்தினி வருசத்துல ஒருத்தரும் கவனிக்கல." கமருன்னிசா கனைத்துக்கொண்டார். "அது கெடக்கட்டும் வுடு. என் மருமகளுங்க மூணு பேரையும் வரைஞ்சு குடு. யாரு எந்த டப்பான்னு நான் சொல்றேன். பெரியவளைப் பாவக்கா வத்தல் டப்பாவுல போடு."

'சரிங்க அக்கா' தொண்டை வரைக்கும் வந்தது. ஹஃபீசா அதை விழுங்கினார்.

"வரையறேன் அக்கா. ஆனா யாரு எந்த டப்பான்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

பக்கத்தில் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த இரம், சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ரொம்பத்தான் ஏறிப்போச்சு உனக்கு," என்றார் கமருன்னிசா. "சரி, வந்து சேரு. டப்பாவெல்லாம் கழுவி வெக்கிறேன்."

மூன்று வாரம் முடிந்து திரும்பும்போது, ஹஃபீசா தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த ஸ்டேஷனரி கடைக்குப் போய் டிராயிங் நோட்டு கேட்டார்.

"பேரப் பசங்களுக்கா அக்கா? எந்த கிளாஸ்?"

"எனக்கு."

கடைக்காரர் பூனைப் படம் போட்ட நோட்டை உள்ளே வைத்துவிட்டு, மேல்தட்டிலிருந்து பெரிய நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். அவருடைய மீசை ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியிருந்தது. ஹஃபீசா நோட்டைப் பார்க்கவில்லை, மீசையைத்தான் பார்த்தார்.

"தம்பி, ஒரு பென்சிலும் குடுங்க. குடுத்துட்டு, கொஞ்சம் ஆடாம நில்லுங்க."